தட்டில் வைத்த கை

போன வாரம் மத்தியானம் ஷாலினி போன் செய்தாள். நான் வேலை பார்த்த நகைக்கடையில் எனக்குப் பிறகு மதிப்பீட்டு மேசைக்கு வந்த பெண். குழந்தையை அப்போதுதான் தூங்க வைத்திருந்தேன். சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன்.

"அக்கா, கடைக்கு மெஷின் வந்துடுச்சு. கல்லை வெச்சா லைட்டு எரியுது. லேப்ல செஞ்ச வைரமா, பூமியிலேர்ந்து எடுத்ததானு அதுவே சொல்லிடுது. இனிமே யாரும் கஸ்டமர்கிட்ட வாயைத் தொறக்க வேணாம், லைட்டைக் காட்டினா போதும்னு மேனேஜர் சார் சொல்லிட்டார்."

"முத்துக்கு?"

"முத்துக்கு எதுக்குக்கா மெஷின்? பழைய நகை எடுக்கும்போது அதைத்தான் நாம எடையிலேர்ந்து கழிச்சுடறோமே!" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கடைசியில் கேட்டாள்: "சார்கூட எப்படிக்கா அத்தனை வருஷம் இருந்தீங்க? எழுதிக் குடுங்களேன். புதுசா வந்திருக்கிற பொண்ணுங்களுக்கும் காட்டறேன்."

பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதுகிற கட்டுரையை முப்பதைத் தாண்டி இரண்டு மூன்று வருஷம்கூட ஆகாத நான் எழுதுவது வேடிக்கைதான். ஆனால் வேலையை விட்டாயிற்று. இனி எந்தக் கடையும் கைக்குழந்தைக்காரியைக் கல் பார்க்க உட்கார வைக்கப் போவதில்லை. அந்த வகையில் நான் ஓய்வு பெற்றவள்தான்.

படித்தது வேதியியல். பிறகு சென்னையில் ரத்தினக் கல் பயிற்சி. லூப் என்கிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் கற்களைப் பார்த்தேன். தலைவலி வந்தது, கூடவே கொஞ்சம் அறிவும் வந்தது. ஊருக்குத் திரும்பியதும் தேரடித் தெருப் பக்கம் இருந்த அந்தக் கடையில் சேர்ந்தேன். பௌர்ணமி என்றால் கிரிவலம் முடித்த கூட்டம் செருப்பில்லாத காலோடு ஏசிக்காகவே உள்ளே வந்து நிற்கும். மற்ற நாட்களில் கல்யாணக் கூட்டம்.

மேனேஜர் ஞானசேகர் சார் ஒரு நாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதை அவருடைய நல்ல குணம் என்று கொஞ்ச காலம் நினைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, முழங்கை வரை மடித்த கை, தங்க ஃபிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி. அவர் கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தால் அடுத்து வருவது பொய் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

முதல் நாளே அவர் சொல்லிக் கொடுத்தது தட்டு. கஸ்டமர் கையிலிருந்து நகையை நாம் கையில் வாங்கவே கூடாது. கறுப்பு வெல்வெட் விரித்த தட்டை அவர்கள் முன்னால் நகர்த்த வேண்டும். அவர்களே வைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் அதே தட்டில் வைத்து, வைத்தவர் பக்கமே தள்ள வேண்டும்.

"எந்தக் கை தட்டுல வெச்சுதோ அந்தக் கைக்குத்தான் தட்டு திரும்பணும்மா. புருஷன் கேட்டாலும் குடுக்காத, புள்ள கேட்டாலும் குடுக்காத" என்றார். முன்பு எப்போதோ அம்மாவின் வளையலை மதிப்புப் பார்க்க வந்த இரண்டு அண்ணன் தம்பிகள் கடைக்குள்ளேயே அடித்துக்கொண்டு, கடைக்காரர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்க வேண்டி வந்ததாம். அதற்குப் பிறகு போட்ட விதி. அவரிடம் நான் கற்றவற்றில் உருப்படியானது அது ஒன்றுதான்.

இன்னொரு பாடத்தை அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு நகை மேசைக்கு வந்தால் "என்ன நகை?" என்று கேட்க மாட்டார். "யார் கொண்டாந்தது?" என்றுதான் கேட்பார்.

கோயிலில் பூஜை செய்கிற குடும்பத்து அம்மா ஒருவர் ஏழு கல் வைரத் தோடு ஜோடி ஒன்றை விற்கக் கொண்டுவந்தார். கணவர் இறந்து காரியம் முடிந்திருந்த நேரம். பின்பக்கம் மூடிய பழைய கட்டு. கற்கள் லேசாக நீலம் ஓடும் நல்ல வைரங்கள். லூப்பில் பார்த்துவிட்டு அப்படியே சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்த அம்மாவிடம் போய், "மஞ்சள் அடிக்குதும்மா. பழைய காலத்துக் கல்லு. இப்ப யாரும் வாங்க மாட்டாங்க" என்றார். அந்த அம்மா தோட்டைத் தட்டிலேயே விட்டுவிட்டார். கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த முகூர்த்தத்துக்கு அதே தோடு கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. "அசல் ப்ளூஜாகர், நீலம் ஓடற பழைய காலத்துக் கல்லு, இப்ப இந்த மாதிரி கிடைக்காது" என்று சார் ஒரு பெண் வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு மஞ்சள்னு சொன்னீங்களே சார்" என்றேன்.

"நீ கல்லைப் பாரும்மா. ஆளை நான் பாத்துக்கறேன்" என்றார், வழக்கமான மெல்லிய குரலில்.

ஒரு பொருளுக்கு விற்கும்போது ஒரு விலை, வாங்கும்போது ஒரு விலை, இன்ஷூரன்ஸுக்கு ஒரு விலை என்று இருப்பது நியாயம்தான். எங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்தார்கள். ஆனால் கல்லின் நிறம் ஆளைப் பார்த்து மாறும் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லவில்லை.

இனி பிருந்தாவின் மாலைக்கு வருகிறேன். ஷாலினி, நீயும் மற்றவர்களும் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

அப்போது நான் ஐந்து மாதக் கர்ப்பம். எதை மோந்தாலும் குமட்டும். காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் மூன்று பேர் வந்து என் மேசை முன்னால் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மாமியார். ஒரு பக்கம் அவருடைய மகன் சுரேஷ், போனைப் பார்த்தபடி. இன்னொரு பக்கம் கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத மருமகள் பிருந்தா. தாலிக் கயிற்றில் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. கழுத்தில் இரட்டை வடம் முத்துமாலை, நடுவில் வைரப் பதக்கம். பஸ்ஸில் பையில் வைத்துக் கொண்டுவந்தால் யாராவது அடித்துவிடுவார்கள் என்று கழுத்திலேயே போட்டு அழைத்து வந்திருந்தார்கள்.

"கழட்டிக் குடு" என்றார் மாமியார்.

பிருந்தா பின் கழுத்தில் கைவிட்டுக் கொக்கியை அவிழ்த்து, நான் நகர்த்திய தட்டில் மாலையை வைத்தாள்.

"இதுல முத்து நிஜமா, பாசியானு சொல்லணும்மா" என்றார் மாமியார். "ரிசப்ஷன்லயே என் நாத்தனா பாத்துட்டுச் சொன்னா, முத்து ஒரு மாதிரியா இருக்குதுனு. நான்தான் கேக்கல. வைரம் போட்டு முத்து செட்டு செய்யறேன்னு இவங்கப்பா அவ்ளோ பேச்சு பேசினார். போலினு நீ சொல்லிடு, போதும். இங்கேர்ந்தே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல ஏத்தி உட்டுடறேன். அப்பன் வூட்டுலயே இருக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்து கவுண்டரில் கொலுசு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுரேஷ் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிருந்தா வெல்வெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கல்யாணம் முடிந்ததும் பெண் வீட்டு நகையை ரகசியமாகக் கடைக்குக் கொண்டுவந்து உரசிப் பார்ப்பது எங்கள் கடையில் வாரம் ஒரு தடவையாவது நடக்கும். அந்தப் பெண்ணையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

முதலில் பதக்கத்தை எடுத்துக்கொண்டேன். பின்பக்கம் திறந்த கட்டு, ஒளி உள்ளே போய்வரும். துடைத்து, வைரம் பட்டால் சத்தம் போடும் டெஸ்டர் பேனாவின் முனையை ஒவ்வொரு கல்லிலும் வைத்தேன். எல்லாக் கல்லுக்கும் பேனா சத்தம் கொடுத்தது. வைரத்தைப் போலவே சத்தம் கொடுக்கிற வேறு கல்லும் உண்டு. அதனால் லூப்பில் கல்லைச் சாய்த்து, பட்டைகளின் கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றனவா என்று பார்த்தேன். தெரியவில்லை. வைரம்தான். ஆய்வகத்தில் வளர்த்ததா, பூமியில் கிடைத்ததா என்பதை அன்று எங்கள் மேசையில் சொல்ல முடியாது, சென்னைக்கு அனுப்ப வேண்டும். அதையும் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். முத்து?" என்றார் மாமியார்.

மாலையைக் கண்ணருகே கொண்டுபோனேன். முத்துகள் பார்க்கச் சகிக்கவில்லை. பளபளப்பே இல்லை. சுண்ணாம்பு பூசிய சுவர் போல வெளிறி, ஆங்காங்கே அரித்திருந்தன. உண்மையைச் சொன்னால், முதல் பார்வையில் எனக்கும் சந்தேகம் வந்தது. அப்போதுதான் அந்த வாசனை. குமட்டிக்கொண்டு வந்தது. என் டிபன் பாக்ஸில் இருந்த புளிசாதம் திறந்துகொண்டதோ என்று மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. மறுபடி மாலையை மோந்தேன். புளி வாசனை மாலையில்தான்.

முத்துகளைக் கோத்த வெள்ளைப் பட்டு நூல் பழுப்பாக இருந்தது. துளைகளின் வாயில் ஏதோ கசடு.

"அம்மா, இதை எதுலயாவது போட்டீங்களா?"

"போட்டுத்தானே பாத்தோம்! வெளக்கு, சொம்பு எல்லாம் புளி போட்டாத்தானே பளிச்சுனு ஆவுது? நெசமான பொருளா இருந்தா புளில இன்னும் ஜாஸ்தியா பளபளக்கும். போலினா வெளுத்துடும். நைட்டு புளி கரைச்ச தண்ணில ஊறப் போட்டேன். காலைல எடுத்துப் பாத்தா இந்த கதி! வெளுத்துப் போச்சு. பிளாஸ்டிக்கு! அதைக் கடைக்காரங்க வாயாலயும் கேட்டுக்கலாம்னுதான் வந்தோம்."

வேதியியல் படித்தவளுக்கு இதற்கு லூப் தேவையில்லை. முத்தும் சுண்ணாம்பும் ஒரே இனம். புளியின் அமிலம் பட்டால் நிஜ முத்துதான் கரையும். பிளாஸ்டிக் பாசியைப் புளியில் ஒரு வாரம் போட்டாலும் அதன் பாட்டுக்கு இருக்கும். எதைப் போலிக்குச் சாட்சி என்று கொண்டுவந்தார்களோ அதுவே நிஜத்துக்குச் சாட்சி.

இருந்தாலும் வேதியியலை மட்டும் நம்பி ஒரு பெண்ணின் தலையில் தீர்ப்பு எழுத எனக்குப் பயம். கொக்கிக்குப் பக்கத்தில் இருந்த முத்தைப் பார்த்தேன். அதன் பாதியைத் தங்கத் தொப்பி ஒன்று மூடியிருந்தது. தொப்பியைத் தளர்த்தினேன். புளித்தண்ணீர் அவ்வளவாகப் புகாத அந்தப் பாதி இன்னும் பால் மினுக்கத்தோடு இருந்தது. துளையின் வாயில் மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தன. பூச்சு உரிந்த அடையாளம் எங்கும் இல்லை. சிப்பிக்குள் விதை வைத்து வளர்த்த, நல்ல தரமான முத்து. மறுபடி பார்த்தேன். மூன்றாவது தடவையும் பார்த்தேன். என் சுபாவம் அப்படி.

அதற்குள் சார் என்னை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது, கைக்குட்டையும் இருந்தது.

"நிஜ முத்து சார். அவங்களே புளியில போட்டுக் கெடுத்திருக்காங்க."

"இருக்கட்டும்மா. நாம பழைய நகை வாங்கும்போது முத்துக்கு என்ன குடுக்கறோம்?"

"கழிச்சுடறோம்."

"அவ்ளோதான். முத்துக்கு விலை கிடையாதுனு சொல்லு. பொய் இல்லையே? அந்தம்மாவுக்கு இன்னொரு பையன் இருக்கான். அடுத்த தை மாசம் கல்யாணம். நம்மகிட்டதான் எடுப்பாங்க. என்ன கேக்க வந்தாங்களோ அதைக் கேட்டுட்டுப் போகட்டும்."

"விலை இல்லனு சொன்னா போலினு எடுத்துக்குவாங்க சார். அந்தப் பொண்ணை பஸ் ஏத்திடுவாங்க."

"நீ கல்லைப் பாரும்மா" என்று ஆரம்பித்தார்.

பிரசவ விடுப்பு எழுதிக் கொடுத்து அவர் கையெழுத்துக்காகக் காத்திருந்த நாட்கள் அவை. மேசைக்குத் திரும்பி நடந்த அந்தக் கொஞ்ச தூரத்தில் எத்தனையோ யோசனை. இது என் குடும்பமா? நான் ஏன் தலையிட வேண்டும்? உட்கார்ந்தேன். பிருந்தா அப்போதுதான் முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜ முத்து" என்றேன். "நிஜம்கிறதாலதான் புளி அரிச்சிருக்குது. பாசியா இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. இது சிப்பில வளத்த நல்ல முத்து."

மாமியார் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். "வளத்ததா? அப்ப ஒரிஜினல் கெடையாதுனு சொல்லு!"

அதுவரை வாயே திறக்காத பிருந்தா, "எங்கப்பா போடுற மல்லாட்டைகூட விதைச்சுதான் வருது அத்தை. அது டூப்ளிகேட்டா?" என்றாள். அவள் அப்பா வேர்க்கடலை விவசாயி.

கொலுசு கவுண்டரில் யாரோ சிரித்தார்கள். மாமியார் முகம் சிவந்தது. ஆனால் அவர் தோற்கிற ஆள் இல்லை.

"சரி, நெசமாவே இருக்கட்டும். இப்ப கெட்டுப் போச்சில்ல? இதைப் போட்டுக்கிட்டு நாலு எடத்துக்குப் போக முடியுமா? இவங்கப்பாவையே மாத்திக் குடுக்கச் சொல்லு. அதுவரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும்."

கெடுத்தது இவர். மாற்றித் தர வேண்டியது அவர். வைத்துக்கொள்ளப் போவது மறுபடி இவர். இதை ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

நான் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"மன்னிச்சுக்குங்கம்மா. எந்தக் கை தட்டுல வெச்சுதோ அந்தக் கைக்குத்தான் திருப்பித் தரணும். கடை ரூல்ஸ்" என்று சொல்லி, பின்னால் வந்து நின்றிருந்த சாரிடம் திரும்பினேன். "அப்படித்தானே சார்?"

கடை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவருடைய சொந்த விதி. இல்லை என்று எப்படிச் சொல்வார்? கைக்குட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆமாம்மா" என்றார்.

தட்டைப் பிருந்தாவின் பக்கம் தள்ளினேன். அவள் மாலையை எடுத்து, அரித்த முத்தும் பழுப்பு நூலுமாக அப்படியே கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினாள். எழுந்தாள்.

"ஏ, எங்க போற?"

"கீழ்பென்னாத்தூருக்கு. நீங்க ஏத்தி உட வேணாம் அத்தை, பஸ் நானே ஏறிக்கிறேன்" என்றவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க போனைப் பாத்து முடிச்சதும் வாங்க."

அவள் படியிறங்கிப் போன பிறகு மாமியார் என் வயிற்றைப் பார்த்தார். "குடும்பத்தைப் பிரிச்சுட்ட இல்ல? உனக்கும் ஒரு பொண்ணு பொறக்கட்டும். அப்பத் தெரியும்."

அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னபோது, "உனக்கெதுக்கு இந்த வேலை?" என்றார். எனக்கும் அதே கேள்விதான். பல நாள் தூங்கும் முன் அதே யோசனை.

சில வாரம் கழித்துப் பிருந்தாவின் அப்பா கடைக்கு வந்தார். சண்டை போட வந்திருப்பாரோ என்று நினைத்தேன். அவர் என் மேசை முன்னால் நின்று கையைக் கூப்பினார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நீ பாசினே சொல்லியிருக்கலாம். நான் வேற வாங்கிக் குடுத்து முடிச்சிருப்பேன். பொண்ணு வூட்டுல வந்து ஒக்காந்திருக்குது."

அவர் மேல் எப்படிக் கோபப்படுவது? ஆனால் கோபம் வந்தது. நிஜப் பொருளை வாங்கிக் கொடுத்தவர், அதைப் போலி என்று சொல்லியிருக்கலாமே என்று கைகூப்பிக் கேட்கிறார். அந்த நிலைக்கு அவரைக் கொண்டுவந்தவர்கள் மேல் வர வேண்டிய கோபம்.

அதற்குள் ஞானசேகர் சார் புது முத்துச் சரங்களை ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "அய்யா, அந்த மாதிரியே தர்றேன், பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். இரண்டு மடங்கு விலை சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

பின்னாலேயே பிருந்தா வந்தாள். அப்பா கடைக்குப் போகிறார் என்று தெரிந்து அடுத்த பஸ்ஸில் வந்திருக்கிறாள். கழுத்தில் அதே மாலை.

"அக்கா, இதைத் திரும்பப் பளபளனு ஆக்க முடியுமா?"

"முடியாதும்மா. கரைஞ்சது கரைஞ்சதுதான்."

"அப்ப இப்படியே இருக்கட்டும். என்ன பண்ணாங்கனு பாக்கறவங்களுக்குத் தெரியட்டும்." புது முத்துத் தட்டை மெதுவாகச் சார் பக்கமே தள்ளினாள். "அப்பா, கெளம்புங்க."

பிறகு அவளை நான் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள் என்றும், சுரேஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போகிறான் என்றும் கேள்வி. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது.

பிரசவம் முடிந்து நான் திரும்பிப் போனபோது மதிப்பீட்டு மேசையில் ஷாலினி உட்கார்ந்திருந்தாள். "கைக்குழந்தைக்காரங்களுக்கு நெனப்பெல்லாம் வீட்டுலதான் இருக்கும்மா" என்று மெல்லச் சொல்லி, வாசலில் நின்று பன்னீர் தெளிக்கிற வேலைக்கு என்னைப் போட்டார் சார். ஒரு வாரம் தெளித்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

எனக்குள் ஒரு கேள்வி மட்டும் இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது. அந்த முத்துகள் உண்மையிலேயே பாசியாக இருந்திருந்தால்? பாசி என்றுதான் சொல்லியிருப்பேன். வேறு எப்படிச் சொல்வது? அப்போது அந்தப் பெண்ணின் கதி? அன்று உண்மை அவள் பக்கம் இருந்தது வெறும் அதிர்ஷ்டம். நகை நிஜமா போலியா என்று ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தட்டில் வைத்துக் கேட்பதே அயோக்கியத்தனம் இல்லையா? பதில் எதுவாக இருந்தாலும்?

அதனால்தான் ஷாலினி, உன் மெஷின் எனக்குத் திருப்தி தரவில்லை. விளக்கு எரிந்து கல்லைச் சொல்லட்டும். நல்லதுதான், என்னால் முடியாததை அது செய்கிறது. ஆனால் தட்டில் வைத்த கை எது என்று அது பார்க்காது. அதை நீ பார். நகை நிஜமானாலும் போலியானாலும் தட்டு அந்தக் கைக்கே திரும்பட்டும். வாயைத் திறக்காதே என்று சார் சொன்னால், அவர் போட்ட விதியை அவர் முன்னாலேயே எல்லோருக்கும் கேட்கும்படி சொல்.

எனக்குப் பெண்தான் பிறந்தது. இப்போது இரண்டு வயது. பெயர் வைத்த அன்றே "எத்தனை சவரன் சேத்து வெச்சிருக்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பெண் பிறந்தால் தெரியும் என்று அந்தம்மா சொன்னார். சொன்னபடியே தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் இன்னும் சத்தமாகப் பேசியிருக்க வேண்டும்.